மெக்சிகோவின் வஹாகா நகரம் ஸ்பானியர் கட்டியதா, அதற்கு முன்பே இருந்ததா?

வஹாகா 1532இல் பிறந்த நகரம் என்று ஒரு பயணக் கையேட்டில் படித்தீர்கள். இன்னொன்றில் 2500 ஆண்டுப் பழைய நகரம் என்று இருந்தது. எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரிதான், ஆனால் அவை பேசுவது வேறு வேறு ஊர்களைப் பற்றி. 2500 ஆண்டு என்பது நகரத்துக்கு மேற்கே நிற்கும் மோந்தே அல்பான் மலைநகருக்கான கணக்கு. 1532 என்பது, அந்தெகேரா என்று ஸ்பானியர் பெயர் சூட்டிய ஊருக்கு மன்னர் ஐந்தாம் சார்லஸ் ‘நகரம்’ என்ற பட்டத்தை எழுதிக்கொடுத்த ஆண்டு. இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் ஊர் இருந்தது. கையேடுகள் அதை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. நகரத்தின் இன்றைய பெயர் அந்த மூன்றாவது ஊருடையது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெயரை எழுத்தில் பார்த்தால் ‘ஓக்ஸாகா’ என்று வாசிக்கத் தோன்றும். அங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை, வஹாகா என்பார்கள்.

முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். தெற்கு மெக்சிகோவின் மலைகளுக்குள் மூன்று பள்ளத்தாக்குகள் ஓரிடத்தில் வந்து கூடுகின்றன: வடமேற்கிலிருந்து எத்லா, கிழக்கிலிருந்து த்லாகோலூலா, தெற்கிலிருந்து சிமாத்லான். கூடும் இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1550 மீட்டர் உயரம். கடுங்குளிரும் இல்லை, கடும் வெயிலும் இல்லை. அத்தோயாக் ஆற்றங்கரையில் பல இடங்களில் சில அடி தோண்டினாலே தண்ணீர் ஊறும். வயலுக்குள்ளேயே சின்னச் சின்னக் கிணறு வெட்டி, பானையில் மொண்டு செடிக்குச் செடி ஊற்றும் பழக்கம் இங்கே மிகப் பழையது. கைபோல் நீளும் கிழக்குப் பள்ளத்தாக்கில், மித்லா அருகே கிலா நாகித்ஸ் என்ற குகையில் கிடைத்த பூசணி விதைகளுக்கு வயது சுமார் 10,000 ஆண்டு. அதே குகையில் கிடைத்த மக்காச்சோளக் கதிர்த் துண்டுகளுக்குச் சுமார் 6200 ஆண்டு. மனிதர்கள் விதைத்து உண்ணக் கற்றுக்கொண்ட உலகின் ஆதி இடங்களில் இது ஒன்று.

பெரிய ஊர் என்று சொல்லத்தக்க முதல் ஊர் எத்லா கையில் இருந்த சான் ஹோசே மொகோத்தே. கி.மு. 500 வாக்கில் ஒரு விசித்திரம் நடக்கிறது. பள்ளத்தாக்கு மக்கள், தரையிலிருந்து 400 மீட்டர் உயரத்தில், தண்ணீர் வசதி இல்லாத ஒரு மலையுச்சியைச் சமப்படுத்தி அங்கே நகரம் கட்டத் தொடங்குகிறார்கள். அதுதான் மோந்தே அல்பான். ஸாப்போதெக் மக்களின் தலைநகரம்.

ஆறும் வயலும் கீழே கிடக்க, ஏன் மேலே ஏறினார்கள்? அறிஞர்கள் பல காரணம் சொல்கிறார்கள். எனக்குப் பொருத்தமாகப் படுவது இது: அந்த மலை மூன்று பள்ளத்தாக்குகளில் எதற்கும் சொந்தமில்லை, மூன்றையும் பார்த்தபடி நடுவில் நிற்கிறது. உச்சியில் நின்று மெல்லச் சுற்றிப் பார்த்தால் மூன்று கைகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணில் விரியும். யாரோ ஒருவர் ஊருக்குப் போய் அடங்கி இருப்பதைவிட, யாருக்கும் உரிமையில்லாத இடத்தில் எல்லோரும் கூடுவது எளிது. ஒன்று சேர்ந்த பிறகு அவர்கள் சும்மா இருக்கவில்லை. உச்சியில் 300க்கும் மேற்பட்ட செதுக்குக் கற்கள் இருக்கின்றன. கைகால்கள் கோணிய நிர்வாண ஆண்கள், சிலருக்கு உறுப்பு அறுபட்டிருக்கிறது. முதலில் பார்த்தவர்கள் நடனமாடுவோர் என்று நினைத்து ‘தான்சாந்தேஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் கொல்லப்பட்ட பகைவர்கள் என்பதே இன்று பெரும்பாலோர் கருத்து. பெருந்திடலில் அம்புமுனை வடிவில் ஒரு கட்டடம் தனியாகத் திரும்பி நிற்கிறது. அதன் சுவர்க் கற்களில், அடக்கப்பட்ட ஊர்களின் பெயர்களை ஸாப்போதெக் எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். அமெரிக்கக் கண்டத்தின் மிகப் பழைய எழுத்துமுறைகளில் அதுவும் ஒன்று.

உச்சக் காலத்தில் மலைச்சரிவின் படிமேடைகளில் சுமார் 25,000 பேர் வாழ்ந்திருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். கி.பி. 800, 900 வாக்கில் நகரம் வெறிச்சோடியது. ஒரே நாளில் அழிந்ததல்ல. மக்கள் மெல்லக் கீழே இறங்கினார்கள். அதிகாரம் ஸாச்சிலா, மித்லா போன்ற தரைநகரங்களுக்குப் பிரிந்தது. மேற்கு மலைகளிலிருந்து மிஷ்தெக் மக்களும் வந்து கலந்தார்கள். ஆனால் மலையை யாரும் மறக்கவில்லை. ஏழாம் எண் கல்லறை என்ற பழைய ஸாப்போதெக் கல்லறையைப் பிற்காலத்தார் திறந்து, தங்கள் பெரியவர்களை மிஷ்தெக் பாணிப் பொன்னோடும் நீலப்பச்சைக் கல்லோடும் முத்தோடும் மறுபடி புதைத்திருக்கிறார்கள். 1932 ஜனவரியில் தொல்லியலாளர் அல்ஃபோன்சோ காசோ அதைத் திறந்தபோது கிடைத்த பொருள்கள் 400க்கு மேல். அதில் ஜாகுவார் எலும்பில் நூல்போலச் செதுக்கிய வேலைப்பாடு இருக்கிறது. பொன்னைவிட அதன் முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றேன்.

இனி அந்த மூன்றாவது ஊர்.

15ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வடக்கிலிருந்து மெஷீக்கர் வந்தார்கள். நாம் அஸ்டெக் என்று அறிந்தவர்கள். தெற்கே தெவான்தெபெக், அதற்கும் அப்பால் கொக்கோவும் கெட்சால் பறவையின் பச்சை இறகும் வரும் சோகோனுஸ்கோ. அங்கே போகும் வழி இந்த முச்சந்தியைத் தொட்டுத்தான் போக வேண்டும். வழியைக் காக்க, இன்றைய நகரத்தை ஒட்டி நிற்கும் ஃபோர்தின் குன்றின் சரிவில் ஒரு படைத்தளம் வைத்தார்கள். குன்று முழுக்க ‘வாஹே’ மரங்கள். மெஷீக்கரின் நவாத்ல் மொழியில் ‘வாஷின்’ என்றால் அந்த மரம், ‘யாகத்ல்’ என்றால் மூக்கு. வாஹே மரங்களின் மூக்கு, அதாவது மரக்கூட்டம் நீட்டிக்கொண்டிருக்கும் முனை. ஊர்ப்பெயர் வாஷ்யாகாக் ஆயிற்று. ஸ்பானிய நாவில் அதுவே வஹாகா. நம் ஊரில் ஆட்டுக்குத் தழை ஒடிக்கும் சவுண்டல் மரம், சூபாபுல் என்றும் சொல்வோமே, அது இந்த வாஹேயின் இனம்தான். மெக்சிகோவிலிருந்து உலகம் சுற்றி வந்தது.

மெஷீக்கர் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து வாங்கிய திறை ஓவியச் சுவடியில் பதிவாகியிருக்கிறது: கட்டுக்கட்டாகப் பருத்தி மேலாடை, தட்டுப்போல் 20 பொன் வட்டு, 20 பை சிவப்புச் சாயம். அந்தச் சாயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு நகரத்தையே அது தூக்கி நிறுத்தப் போகிறது.

1521 ஆகஸ்டில் மெஷீக்கரின் தலைநகரமான தெனோச்தித்லான் ஸ்பானியரிடம் வீழ்ந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஃபிரான்சிஸ்கோ தே ஓரோஸ்கோவின் தலைமையில் ஸ்பானியர் வாஷ்யாகாக்கில் நின்றார்கள். கூடவே ஆயிரக்கணக்கான உள்நாட்டுக் கூட்டாளிப் படையினர். குடியேற நினைத்த ஸ்பானியரை விரட்டியவர் வேறு யாருமல்ல, மெக்சிகோவை வென்ற ஸ்பானியத் தளபதி எர்னான் கோர்த்தேஸ்! பள்ளத்தாக்கு முழுவதும் தனக்கே வேண்டும் என்று அவர் முடிவு செய்திருந்தார். அவர் ஸ்பெயினுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவருடைய எதிரி நூன்யோ தே குஸ்மான் தலைமையிலான ஆட்சிக்குழு 1529இல் ஸ்பானியக் குடும்பங்களைக் கொண்டுவந்து ஊரை அமைத்தது. ஆந்தலூசியாவில் உள்ள ஓர் ஊரின் பெயரை எடுத்து அந்தெகேரா என்று வைத்தார்கள். அதே 1529 ஜூலையில் அரசர் கோர்த்தேஸுக்கு ‘வஹாகா பள்ளத்தாக்கின் மார்க்கேஸ்’ என்ற பிரபுப் பட்டமும், பல பகுதிகளில் சிதறிக் கிடந்த 22 ஊர்களும், 23,000 குடிமக்களும் எழுதிக்கொடுத்தார்.

விளைவு என்ன தெரியுமா? புது நகரம் ஒரு தீவானது. சுற்றிலும் கோர்த்தேஸின் நிலம். பழைய வாஷ்யாகாக் கோர்த்தேஸின் ‘வில்யா’வாக, அதாவது அவருக்கு உரிய ஊராக, நகரத்தின் மேற்கு எல்லையில் தனி நிர்வாகத்தோடு நின்றது. ஆடு மாடு மேய்க்கக்கூட இடமில்லை என்று அந்தெகேராவின் நகர மன்றம் ஆண்டுக்கணக்கில் அரசருக்கு முறையிட்டது. 1532 ஏப்ரல் 25இல் கிடைத்த நகரப் பட்டத்தை இந்தச் சண்டையோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். செழித்த ஊருக்குக் கொடுத்த பரிசல்ல அது. கோர்த்தேஸின் வாய்க்குள் போகாமல் அரசர் போட்ட வேலி. 1535இல் மறைமாவட்டமும் வந்து சேர்ந்தது.

ஊரைக் கோடு போட்டவர் அலோன்சோ கார்சியா பிராவோ. மெக்சிகோ நகரத்தின் ஸ்பானியத் தெருக்களை அளந்தவரும் அவரே. நடுவே சதுரத் திடல், இன்றும் சோகாலோ என்கிறார்கள். அதிலிருந்து நான்கு பக்கமும், 100 வாரா, அதாவது ஏறத்தாழ 84 மீட்டர் பக்கமுள்ள கட்டங்கள். இன்றைய நகர மையத்தில் நடந்தால் அந்தக் கட்டம் காலுக்கே தெரியும்.

ஆனால் கட்டத்துக்குள் இருந்தவர்களை மட்டும் வைத்து நகரம் வாழ முடியுமா? வடகிழக்கு ஓரத்தில் ஹலத்லாகோ, வடக்கே சோச்சிமில்கோ, ஆற்றுக்கு அப்பால் சான் மார்த்தின் மெஷிகாபான். இங்கெல்லாம் குடியிருந்தவர்கள் நவாத்ல் பேசுவோர். மத்திய மெக்சிகோவிலிருந்து படையோடு வந்து தங்கியவர்கள், அவர்களின் வழிவந்தவர்கள். ஹலத்லாகோவில் தோல் பதனிட்டார்கள், சோச்சிமில்கோவில் தறி ஓடியது. ஸாப்போதெக், மிஷ்தெக் ஊர்களிலிருந்து கூலிக்கு வந்தவர்களும், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர்களும் சேர்ந்தார்கள். ஸ்பானிய நகரம் என்று பெயர். தெருவில் கேட்டது நான்கைந்து மொழி. டொமினிக்கன் துறவி ஹுவான் தே கோர்தோவா ஸாப்போதெக் சொற்களைத் திரட்டிய அகராதி 1578இலேயே அச்சாகிவிட்டது.

கொள்ளைநோயைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. பெரியம்மை, பிறகு 1545இலும் 1576இலும் வந்த ‘கோகோலீஸ்த்லி’ என்ற பெருங்காய்ச்சல். ஸ்பானியர் வந்தபோது பள்ளத்தாக்கில் சுமார் மூன்றரை லட்சம் பேர் இருந்ததாகவும், 1630களில் நாற்பதாயிரத்துச் சொச்சமே மிஞ்சியதாகவும் மதிப்பிடுகிறார்கள். ஏறத்தாழ எட்டில் ஒருவர். தேவாலயங்களின் பொன்முலாமைப் பார்க்கும்போதெல்லாம் இந்த எண் எனக்கு நினைவுக்கு வந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்று நடக்கவில்லை. வடக்கு மெக்சிகோவில்போல ஸ்பானியப் பண்ணைகள் நிலம் முழுவதையும் விழுங்கவில்லை. பள்ளத்தாக்கின் ஊர்களும் பழைய குடித்தலைவர்களும் நீதிமன்றப் படியேறி, ஓவிய வரைபடம் காட்டி, தங்கள் வயல்களில் பெரும்பகுதியைக் காலனிக் காலம் முழுக்கக் கையில் வைத்திருந்தார்கள். சொல்லிக்கொள்ளும்படியான பெரிய வெள்ளிச் சுரங்கமும் அருகில் இல்லை. அப்படியானால் நகரத்திலுள்ள சாந்தோ தோமிங்கோ மடாலயத்தின் பொன்கூரைக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

பூச்சியிலிருந்து.

சப்பாத்திக்கள்ளி மடலில் வெள்ளைப் பூஞ்சைபோல் ஒட்டியிருக்கும் கொச்சினியல் பூச்சி. தெயோதித்லான் தெல் வாயே என்ற நெசவூரில் ஒரு பெண்மணி காய்ந்த பூச்சிகள் நாலைந்தை என் உள்ளங்கையில் போட்டார். சாம்பல் நிறம், மிளகைவிடச் சிறிது, எடையே இல்லை. கட்டைவிரலால் நசுக்கச் சொன்னார். கை முழுக்க இரத்தச் சிவப்பு. அதன்மேல் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டதும் ஆரஞ்சாக மாறியது. பக்கத்திலேயே கொஞ்சம் சுண்ணாம்பு தொட்டு வைத்தார், அந்த இடம் ஊதா ஆயிற்று. மூன்று நிறமும் ஒரே உள்ளங்கையில். இரண்டு நாள் கழுவியும் ரேகைகளில் இருந்தது.

ஒரு பவுண்டுச் சாயத்துக்குச் சுமார் 70,000 பூச்சி வேண்டும். எல்லாம் கைவேலை. தாய்ப்பூச்சியைக் கள்ளியில் ஏற்றுவது, மழைக்கும் பனிக்கும் பாய் போட்டு மூடுவது, கோழி கொத்தாமல் காவல் காப்பது, மூன்று மாதம் கழித்து மெல்லிய தூரிகையால் வருடி எடுப்பது, வெந்நீரிலோ சூட்டிலோ கொன்று உலர்த்துவது. பெருந்தோட்டமாக வைத்து ஆள் போட்டு ஓட்டப் பார்த்தவர்களுக்குப் பெரும்பாலும் கட்டுப்படியாகவில்லை. பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டிய பயிர் இது. வீட்டுக் கொல்லையில் இருபது முப்பது கள்ளி வைத்திருந்த உள்நாட்டுக் குடும்பங்களுக்கே அது கைவந்தது. ஐரோப்பாவில் அந்தச் சிவப்புக்கு இணை கிடையாது. கர்தினால்களின் அங்கிக்கும் பிரிட்டிஷ் அதிகாரிகளின் மேலங்கிக்கும் அதுதான் நிறம் கொடுத்தது. மெக்சிகோவின் ஏற்றுமதியில் வெள்ளிக்கு அடுத்த இடம் அதற்கு. அது விதையா பூச்சியா என்றே ஐரோப்பியர் நீண்ட காலம் வாதாடினார்கள். 1720களில் ஒரு டச்சுக்காரர் இதற்காகப் பந்தயம் கட்டி, அந்தெகேராவில் வளர்ப்போரிடம் முறைப்படி வாக்குமூலம் பதிவு செய்து வரவழைத்து, பூச்சிதான் என்று ஜெயித்தார்.

பணம் ஓடிய விதத்தைப் பார்த்தால்தான் நகரம் வளர்ந்த விதம் புரியும். மாவட்ட அதிகாரியான அல்கால்தே மயோர் தன் பதவிக்கே கடன் வாங்கித்தான் வருவார். மெக்சிகோ நகரத்து வணிகர் அவருக்குப் பின்னால் பணம் போடுவார். அந்தப் பணத்தை அதிகாரி ஊர்மக்களுக்கு முன்பணமாகக் கொடுப்பார்: வரப்போகும் சாயத்தில் பவுண்டுக்கு 12 ரெயால் (அன்றைய ஸ்பானிய வெள்ளிக் காசு). அறுவடையில் சாயமாகத் திருப்ப வேண்டும். சந்தையில் விலை 20, 30 ரெயாலுக்குப் போனாலும் கணக்கு 12தான். துணி, கோவேறு கழுதை எல்லாமும் இப்படியே தலையில் கட்டப்பட்டன. வேறு யாரும் கடன் தராத ஏழைக்கு இதுவும் ஒரு கடன் வழிதான் என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. பயிர் பொய்த்து முன்பணம் திரும்பாத கதைகளும் இருக்கின்றன. ஆனால் கடன் கொடுப்பவனே நீதிபதியாகவும் சிறைச்சாவி வைத்திருப்பவனாகவும் இருந்தால் அதை வெறும் கடன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1660இல் தெவான்தெபெக்கில் மக்கள் கிளர்ந்தெழுந்து அல்கால்தே மயோர் ஹுவான் தே அவெல்யானைக் கொன்றார்கள். அளவுக்கு மீறித் துணி நெய்து தரச் சொல்லி வாட்டியதே அதற்குக் காரணம்.

18ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து சாய வணிகம் பொங்கியது. 1774இல் மட்டும் வஹாகாவில் பதிவான சாயம் 15 லட்சம் பவுண்டைத் தாண்டியது. 1792 கணக்கெடுப்பில் நகரத்தில் சுமார் 18,000 பேர். நீங்கள் புகைப்படங்களில் பார்க்கும் வஹாகாவின் பெரும்பகுதி இந்தக் காலத்தில் முகம் பெற்றதுதான். பேராலயம் 1733இல் அர்ச்சிக்கப்பட்டது. சாந்தோ தோமிங்கோ 16ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கியது என்றாலும், அதன் ஜெபமாலைச் சிற்றாலயம் 1720களில் எழுந்தது. சான் ஃபெலிப்பே மலையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த வளைவுக் கால்வாயும் இதே நூற்றாண்டு. அதன் வளைவுகளுக்கு அடியில் இன்று வீட்டு வாசல்கள் இருக்கின்றன.

கட்டடங்கள் ஏன் இவ்வளவு குட்டையாக, தடித்த சுவரோடு இருக்கின்றன என்றும் கேட்டிருந்தீர்கள். நிலநடுக்கம். 1696, 1787, 1931 என்று பூமி திரும்பத் திரும்ப உலுக்கிய ஊர். உயரமாகக் கட்டியவர்கள் இடிபாட்டைப் பார்த்துப் பாடம் கற்றுக் கோபுரங்களைத் தாழ்த்தினார்கள். கல் உள்ளூர் மலைகளில் வெட்டியது. வெளிர் பச்சை, மழையில் நனைந்தால் கரும்பச்சை.

இந்தச் சாயத்துக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு, பலருக்குத் தெரியாது. 1777இல் தியெரி தெ மெனோன்வில் என்ற பிரெஞ்சுத் தாவரவியலர் வஹாகா வரை வந்து கள்ளியையும் பூச்சியையும் கள்ளத்தனமாகக் கரீபியத் தீவுக்குக் கொண்டுபோனார். அடுத்த சில ஆண்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் ஆசை வந்தது. சென்னையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி மருத்துவர் சைதாப்பேட்டையில் இதற்கென்றே கள்ளித் தோட்டம் போட்டார். கிடைத்ததோ மட்டமான காட்டுப் பூச்சி வகை. கள்ளி மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் பரவியது. வஹாகாவின் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்த தாய்ப்பூச்சியும் கைப்பக்குவமும் கப்பலில் ஏறவில்லை.

1786இல் அரசு அந்த முன்பண வணிகத்தைத் தடை செய்தது. பிறகு குவாத்தமாலாவும் கனாரித் தீவுகளும் போட்டிக்கு வந்தன. 1856க்குப் பின் ஆய்வுக்கூடச் சாயங்கள் வந்து கதையை முடித்தன. 1821இல் விடுதலை வந்தபோது அந்தெகேரா என்ற பெயர் உதிர்ந்தது; படைத்தளத்தின் பெயர் நின்றது. 12 வயதில் மலை கிராமமான கெலதாவோவிலிருந்து 1818இல் நடந்தே நகரத்துக்கு வந்த பெனித்தோ ஹுவாரெஸ் என்ற ஸாப்போதெக் சிறுவன் நாட்டின் குடியரசுத் தலைவரானார். அவர் இறந்த 1872இல் நகரம் வஹாகா தே ஹுவாரெஸ் ஆயிற்று. 1987இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் நகர மையத்தையும் மோந்தே அல்பானையும் ஒரே பெயரின்கீழ்ச் சேர்த்தது. உங்கள் இரண்டு கையேடுகளும் குழம்பியதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

போவதாக இருந்தால் முதல் நாள் காலையில் மலைக்கு ஏறுங்கள், மூன்று பள்ளத்தாக்கையும் பார்த்துவிட்டு இறங்குங்கள். மாலையில் ஹலத்லாகோ தெருக்களில் நடங்கள். சந்தைகள் இன்றும் முறை வைத்துத்தான் கூடுகின்றன: எத்லாவில் புதன், ஸாச்சிலாவில் வியாழன், ஒகோத்லானில் வெள்ளி, வஹாகாவில் சனி, த்லாகோலூலாவில் ஞாயிறு. எந்தச் சந்தையானாலும், தரையில் துணி விரித்து உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் நீளமான தட்டைக் காய்களைக் கட்டுக்கட்டாகப் பார்ப்பீர்கள். சில பச்சை, சில சிவப்பு. உரித்து விதையைப் பச்சையாகவே மெல்லலாம், பூண்டு வாசம் அடிக்கும். அதுதான் வாஹே.